லிப்டன் என்பது யார் பெயர்?

ஊவா மாகாணத்திற்குச் செல்கின்றவர்கள் ஹப்புத்தளையில் இறங்கினால், தம்பேதன்னைத் தோட்டத்தின் வழியாக மேலேறி ‘லிப்டன் சீட்’ என்னும் குன்றின் உச்சிக்குச் செல்லாமல் திரும்புவதில்லை. தேயிலை வியாபாரி சர் தாமஸ் லிப்டன் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்ட இடம் என்று சொல்கிறார்கள். இன்று அங்கே அவருடைய சிலையும் அமர்ந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே சென்றிருந்தபோது, வழிகாட்டியாக உடன் வந்த தோட்டத்துப் பள்ளி மாணவன் சிலையைப் பார்த்தபடி என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்.

“சேர், லிப்டன்னா அவரோட பேரா, அவங்க அப்பா பேரா?”

“அது குடும்பப் பெயர், தம்பி” என்றேன். அவன் தலையாட்டினான், ஆனால் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. விளங்காதது அவன் குற்றமன்று. அவனுடைய பெயருக்கு முன்னால் இருப்பது அவன் தந்தை பெயரின் முதலெழுத்து; தந்தையின் பெயருக்கு முன்னால் இருப்பது பாட்டன் பெயரின் முதலெழுத்து. தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் ஒரு பெயர் அவன் வீட்டில் இல்லை. என் வீட்டிலும் இல்லை. நான்கு சொற்களில் நான் சொல்லி முடித்த விடையைச் சற்று விரித்து எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

இங்கிலாந்தில் பரம்பரைக் குடும்பப் பெயர் ஆதிகாலம் தொட்டு இருந்ததன்று. 1066-இல் நார்மானியர் அந்நாட்டைக் கைப்பற்றிய பின்னரே அவ்வழக்கம் மெல்லப் பரவியது. 1400-ஐ ஒட்டிய காலத்தில் பெரும்பாலான குடும்பங்கள் நிலையான பெயர் பெற்றுவிட்டன. 1538-இல் ஒவ்வொரு திருச்சபைப் பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டுமென்ற ஆணை பிறந்தது. அன்று முதல் ஓர் ஏழை உழவனின் பெயருங்கூட ஏட்டில் ஏறியது. அப்பெயர்கள் எவ்வாறு பிறந்தன என்பதை அறிய ஊவாவோடு தொடர்புடைய மூன்று வெள்ளையரின் பெயர்களைப் பார்த்தாலே போதும்.

முதலாமவர் மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ். பதுளையில் அரசாங்க அதிபரின் உதவியாளராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்பதே அவருக்கு இருந்த பெரும் பெயர். 1845 ஜூன் 7-ஆம் நாள் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட புனித மாற்கு ஆலயம் இன்றும் பதுளை நகரில் இருக்கிறது. ‘ரோஜர்ஸ்’ என்பதற்கு ‘ரோஜரின் மகன்’ என்று பொருள். பல நூற்றாண்டுகளுக்கு முன் எவனோ ஒரு ரோஜரின் மகனுக்கு ஏற்பட்ட பெயர் அடுத்த தலைமுறையில் மாறாமல் அப்படியே உறைந்துவிட்டது. நம் தலைப்பெழுத்து ஒரு தலைமுறையோடு நின்றுவிடுகிறது, அவர்களுடையது நின்றுவிடவில்லை. வேறுபாடு அவ்வளவே.

இரண்டாமவர் சர் தாமஸ் வில்லியர்ஸ். இங்கிலாந்தின் பிரதமராயிருந்த ஜான் ரஸ்ஸல் பிரபுவின் மகள்வழிப் பேரன். 1887-இல் இலங்கைக்கு வந்து, தோட்டத்திலும் பின்னர் கொழும்பு வணிகத்திலும் உயர்ந்தவர். ‘வில்லியர்ஸ்’ என்பது பிரெஞ்சு நாட்டு ஊர்ப்பெயர். பண்ணையைச் சார்ந்த சிற்றூர் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நார்மானியரோடு கடல் கடந்து ஆங்கிலப் பெயராகிவிட்டது. இவர் ஹப்புத்தளையில் கட்டிய கல் மாளிகைக்குத் தாம் பிறந்த கென்ட் மாவட்டத்துச் சிற்றூரின் பெயரையே சூட்டினார். அதுதான் இன்று பெனடிக்ட் சபைத் துறவிகள் வாழும் ‘அடிசம் பங்களா’. எவ்வளவு உயர்ந்த நிலைக்குப் போனாலும் மனிதன் பிறந்த மண்ணின் பெயரைக் கையோடு கொண்டு வருகிறான்.

மூன்றாமவர் நம் லிப்டன். ‘டன்’ என்று முடியும் ஆங்கிலக் குடும்பப் பெயர்களிற் பெரும்பாலானவை ஊர்ப்பெயர்களே. பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’ என்றால் வேலியிட்ட நிலம், பண்ணை, குடியிருப்பு. ‘டவுன்’ என்று நாம் அன்றாடம் சொல்லும் சொல்லும் அதன் வழிவந்ததே. ஊர்ப்பெயர் ஒருவனுக்கு எப்போது பட்டமாகிறது? ஊரைவிட்டு வெளியேறிய பின்னர்தான். பதுளையில் வாழ்பவரைப் பதுளைக்காரர் என்று பதுளையில் யாரும் அழைப்பதில்லை. ஆகவே ஊர்ப்பெயரைத் தாங்கிய குடும்பத்தின் தொடக்கத்தில் பெரும்பாலும் புலம்பெயர்ந்த ஒருவன் இருக்கிறான்.

லிப்டனின் பெற்றோரும் புலம்பெயர்ந்தவர்களே. அயர்லாந்தின் வடபகுதியில் ஃபெர்மனா, மோனஹன் மாவட்டங்களின் எல்லையைச் சார்ந்தவர்கள். 1840-களின் கொடும் பஞ்சக் காலத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் பிழைக்கப் போனவர்கள். அங்கே வறியவர் நிறைந்த பகுதியில் பிறந்தவர் தாமஸ். அவருடன் பிறந்தோர் அனைவரும் இளமையிலேயே இறந்துவிட்டனர். எஞ்சியவர் அவர் ஒருவரே. 1871-இல் கிளாஸ்கோவில் ஒரு சிறு மளிகைக் கடை திறந்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பிரித்தானியா எங்கும் ஏறத்தாழ 300 கடைகள்.

அவர் 1890-இல் இலங்கைக்கு வந்தபோது இங்கே காப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. காப்பி இலையைத் தின்ற துருநோய் இலங்கையில் முதன்முதலாக 1869-இல் கண்டறியப்பட்டது ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில்தான். நொடித்துப்போன தோட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கி, இடைத்தரகரின்றித் தம் கடைகளிலேயே தேயிலையைப் பொட்டலமாக விற்றார். பின்வந்த கதையை உலகம் அறியும்.

இனி அப்பெயரின் எண்ணிக்கைக்கு வருவோம். லிப்டன் தம்பேதன்னைக்கு வந்த அதே 1890-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹென்றி கப்பி என்னும் இயற்கையியலாளர் ஒரு நூலை வெளியிட்டார். எந்தக் குடும்பப் பெயர் எந்த மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கு எத்தனை பேரிடம் காணப்படுகிறது என்று கணக்கிட்ட நூல் அது. அவர் உழவர்களின் பெயர்ப்பட்டியல்களையே எடுத்துக்கொண்டார். ஊரைவிட்டு அதிகம் நகராதவர்கள் அவர்களே என்பது காரணம். அதற்கும் முன்பு, 1874-இல், பிரான்சிஸ் கால்ட்டனும் கணித அறிஞர் வாட்சனும் குடும்பப் பெயர்கள் எவ்வாறு அழிகின்றன என்பதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தனர். பெயர் ஆண் மக்கள் வழியாகவே செல்வதால், ஆண் வாரிசில்லாத ஒவ்வொரு தலைமுறையிலும் சில பெயர்கள் மறையும். காலம் செல்லச் செல்லச் சில பெயர்கள் பெருகும், பல பெயர்கள் அருகிப்போகும். சுமித், ஜோன்ஸ் போன்றவை தெருவுக்குத் தெரு இருப்பதும், லிப்டன் போன்றவை தேடினால்தான் கிடைப்பதும் ஓரளவு இதனாலும்தான்.

தாமஸ் லிப்டன் அந்தக் கணக்குக்கே எடுத்துக்காட்டாக அமைந்தார். 1898-இல் ‘சர்’ பட்டமும் 1902-இல் பரம்பரையாகச் செல்லக்கூடிய ‘பரோனெட்’ பட்டமும் பெற்றார். ஆனால் அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1931 அக்டோபர் 2-ஆம் நாள் அவர் இறந்தபோது பட்டமும் அவரோடு முடிந்தது. அவர் கிளையில் அப்பெயரைச் சுமக்க ஒருவரும் இல்லை. செல்வத்தின் பெரும்பகுதி கிளாஸ்கோவின் ஏழைகளுக்குச் சென்றது. அமெரிக்காவில் இன்று லிப்டன் என்ற பெயருடையோரைக் காணலாம். எனினும் அவர்களிற் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சென்ற யூதர்களின் வழிவந்தோர். ‘லிப்ஷிட்ஸ்’ என்ற தம் பெயரை ஆங்கிலேயருக்கு ஏற்பச் சுருக்கிக்கொண்டவர்கள். எழுத்து ஒன்று, வேர் வேறு. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இங்கே ஏமாந்துபோவார்.

பெயர் மட்டும் வேறொரு வழியில் பெருகியது. அவர் நிறுவிய வணிகம் கைமாறிக் கைமாறி, 1972-க்குள் முழுவதும் யூனிலீவர் வசமாயிற்று. 2022-இல் அதன் தேயிலைப் பிரிவின் பெரும்பகுதி முதலீட்டு நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. ஆளில்லாத ஒரு பெயர் கோடிக்கணக்கான பொட்டலங்களில் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தேயிலையைக் கொய்தவர்களின் பெயர்கள் என்ன ஆயின? மாணவனின் கேள்வி என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் இதுதான்.

திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே வந்தவர்களும் பஞ்சத்தாலும் வறுமையாலும் ஊரைவிட்டவர்களே. லிப்டனின் பெற்றோரைப் போன்றவர்களே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தொழிலாளி ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு தகரத் துண்டு கட்டப்பட்டது. அதில் தோட்டத்தைக் காட்டும் எண்ணும் அவருக்குரிய எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன, பெயர் இல்லை. தோட்டத்துக்கு வந்தபின் செக்ரோலில் பெயர் ஏறியது. ‘பேர் பதிதல்’ என்றால் மலையகத்தில் இன்றும் வேலை கிடைத்தது என்றுதான் பொருள். பெரட்டுக் களத்தில் கூப்பிடுவதற்கு ஒரு பெயர் போதும். ஆகவே கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். ராமாயி ஓர் ஏட்டில் ராமாய், இன்னோர் ஏட்டில் ரம்மாய். பாட்டன் பெயரை எந்த ஏடும் கேட்கவில்லை.

கேட்ட நாள் ஒன்று வந்தது. சுதந்திரம் கிடைத்த அதே 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், வம்சாவளிப் பிரசையாவதற்குத் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்றது. பிறப்பைப் பதிவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் கட்டாயமாயிற்று. பூட்டனுக்குச் சான்றிதழுக்கு எங்கே போவது? தலைப்பெழுத்து ஒரு தலைமுறைக்கு மேல் நினைவு வைத்திராது. மூன்று தலைமுறையை ஏட்டில் காட்டு என்று கேட்ட சட்டம், அந்த மக்களின் பெயர்முறையால் தர முடியாத ஒன்றையே கேட்டது. 1949-இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பம் செய்யப்பட்டது. உரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. தொடர்ந்து இந்த நாட்டில் வசித்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்த அவ்விசாரணைகளில், ஒரே ஆளின் பெயர் இரண்டு தாள்களில் இரண்டு விதமாக இருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

லிப்டனை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் இடர்ப்பாடுதான். அவர் பிறந்த ஆண்டு 1848 என்பது ஆய்வாளர் கூற்று. அவரோ 1850 என்றே சொல்லிவந்தார். ஸ்காட்லாந்தில் அரசு பிறப்பைப் பதியத் தொடங்கியது 1855-இல். அவர் பிறந்தபோது அரசுப் பதிவேடே இல்லை. அவர் தந்தையோ வேறு நாட்டிலிருந்து வந்தவர். உலகப் புகழ்பெற்ற அந்த மனிதராலும் மூன்று தலைமுறைச் சான்றை எளிதில் காட்டியிருக்க முடியாது.

1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்ற 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதி பாதியாக எடுத்துக்கொள்ள உடன்பட்டன. ஊவாவிலிருந்தும் பல குடும்பங்கள் கப்பலேறின. திரும்பிப் போன மண்ணில் அவர்களுக்கு ‘சிலோன்காரர்’ என்று பெயர் விழுந்தது. விட்டுவந்த ஊரின் பெயர் வெளியேறியவனோடு ஒட்டிக்கொள்ளும் என்றேனல்லவா? முதல் லிப்டனுக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேர்ந்தது. லிப்டனுக்கு அது மரியாதைக்குரிய குடும்பப் பெயராயிற்று. இவர்களுக்கு அது அந்நியன் என்னும் அடையாளமாயிற்று.

இலங்கையில் தங்கியோரிடையே நாடற்ற நிலை 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே முடிவுக்கு வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள். அதற்குள் பூட்டன் பெயரைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் பலர் போய்விட்டார்கள். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் முறையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நம் முறை ஏட்டில் வைக்காததை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். வீட்டில் முதியவர் ஒருவர் இருந்தால் இன்றே கேளுங்கள்: அவருடைய தந்தை யார், பாட்டன் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், முதலில் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். பழைய கொப்பி ஒன்றின் பின்பக்கம் போதும். பெண்வழிப் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். தேயிலைக் கொழுந்தைப் பெரும்பாலும் கொய்தவர்கள் அவர்கள்தாம்.

அந்த மாணவனுக்கு அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். லிப்டன் அவருடைய பெயரா, அவர் தந்தையின் பெயரா என்று கேட்டாயல்லவா, தம்பி? இரண்டுமேதான். தந்தையின் முழுப் பெயரும் தாமஸ் லிப்டன். அவ்வளவும் ஏட்டில் இருக்கிறது. அதனால்தான் கிளாஸ்கோவுக்குப் போகாமலே என்னால் உனக்குச் சொல்ல முடிகிறது. மலையிறங்கும் வழியில் உன் பூட்டன் பெயரைக் கேட்டேன். “தெரியாது சேர், அப்பாயிக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றாய். கேட்டு எழுதி வைத்திருப்பாய் என்று நம்புகிறேன்.