கல்லறையிலிருந்து வீட்டுக்கு



மாற்கு 5-ஆம் அதிகாரத்தில், கல்லறைகளிடையே வாழ்ந்த ஒரு மனிதனைக் காண்கிறோம். ஊரார் அவனைச் சங்கிலியால் கட்டிப்பார்த்தார்கள், பயனில்லை. இயேசுவோ அவனைச் சுகப்படுத்தினார். தம்மோடே வர விரும்பிய அவனை, அவனுடைய இனத்தாரிடத்திற்கே திருப்பி அனுப்பினார். கல்லறையிலிருந்த ஒருவன் வீடு சேர்ந்தபோதே அந்தச் சுகம் நிறைவானது. மனம் நொந்தவர்களுக்கு நாம் கட்டும் இடம் கல்லறையைப் போலிருக்கிறதா, வீட்டைப் போலிருக்கிறதா? சரித்திரத்தைக் கேட்டுப் பார்ப்போம்.

1790-இல் இங்கிலாந்தின் யார்க் நகரத்து மனநோய் விடுதியில் ஹன்னா மில்ஸ் என்னும் விதவை மரித்தார். அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். அவரைக் காணச் சென்ற சக விசுவாசிகளை உள்ளே விடவில்லை. அதே சபையைச் சேர்ந்த தேயிலை வணிகர் வில்லியம் டியூக் இதனால் உள்ளம் கலங்கினார். 1796-இல் ‘ரிட்ரீட்’ என்னும் இல்லம் அவருடைய முயற்சியால் திறக்கப்பட்டது. அங்கே ஜன்னலின் இரும்புச் சட்டங்கள் மரச்சட்டங்களைப் போலத் தோன்றும்படி அமைக்கப்பட்டன. ஓசை அச்சுறுத்தாதபடி கதவின் தாழ்ப்பாள்கள் தோலால் மூடப்பட்டன. தோட்டம் இருந்தது, முற்றங்களில் முயல்களும் கோழிகளும் வளர்ந்தன. பாதுகாப்பு குறையவில்லை; சிறையின் தோற்றம் மட்டும் நீக்கப்பட்டது.

நம் தேசத்திலோ இன்னொரு வாசல் திறந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, நோயாளிகளோடு அவர்களுடைய குடும்பத்தாரையும் தங்கச் செய்தார். பிறர் குணமடைவதைக் கண்ட குடும்பங்களுக்கு அச்சம் நீங்கியது. 1957-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, மிஷனரி மருத்துவரான புளோரன்ஸ் நிக்கோல்ஸ் தலைமையில், பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது. அங்கும் உறவினர் நோயாளியோடு உடன் தங்குவதே முறை. நம் திருவள்ளூரில் ரயிலேறினால் காட்பாடியில் இறங்கி எட்டிவிடும் தொலைவில் அது இருக்கிறது. தாய் அருகில் இருக்க ஓர் அறை கட்டுவதும் வைத்தியத்தின் ஒரு பகுதி என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இதற்கு மாறான ஒரு நாளையும் நாம் மறக்கலாகாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அது வேறு மார்க்கத்தாரின் ஊர் என்று நாம் விலகி நிற்க முடியுமா? நம் ஜெப வீடுகளிலும் நோயைப் பிசாசின் கட்டு என்றே எண்ணி, மருந்தை நிறுத்தச் சொன்னதுண்டு. ஊழியத்தின் ஆரம்ப நாட்களில் நானும் ஒரு தாயிடம், உபவாச ஜெபம் போதும் என்றேன். அவருடைய மகனின் நோய் முற்றியது. அந்தத் தாய் என்னைக் குறைசொல்லவில்லை. ஆனால் தேவ சமுகத்தில் அதை இன்றும் அறிக்கையிடுகிறேன். ஜெபமும் வேண்டும், மருந்தும் வேண்டும், அருகில் உட்காரும் மனிதரும் வேண்டும்.

பிரியமானவர்களே, திருப்பாச்சூரில் நாம் மருத்துவமனை கட்டப்போவதில்லை. ஆனாலும் நம் ஆலயத்துக்கும் வாசலும் பெஞ்சும் உண்டு. கும்மிடிப்பூண்டியில் இரவு ஷிப்டு முடித்து உறக்கமற்ற மனதோடு வரும் வாலிபர் நம்மிடையே இருக்கிறார்கள். பிள்ளையின் நோயை மறைத்து, ஆராதனை முடியுமுன்னே எழுந்து போகும் பெற்றோரும் இருக்கிறார்கள். கதவருகேயுள்ள கடைசி பெஞ்சை, கூட்டத்தில் இருக்க இயலாதவர்களுக்கென்று விட்டுவைப்போம். அந்தப் பக்கத்து ஒலிபெருக்கியைத் திருப்பி வைப்போம். ஆராதனைக்குப்பின் வெளியே இரண்டு நாற்காலிகளைப் போட்டு, அறிவுரை சொல்லாமல் கேட்க ஒருவர் அமர்ந்திருப்போம். மருத்துவமனைக்குப் போகும் குடும்பத்தோடு ஒருவர் துணையாகப் போவோம். நள்ளிரவில் மனம் தத்தளித்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. அதை அழைப்பது அவிசுவாசமல்ல.

இந்த வாரம் உங்கள் வீட்டில் எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று பாருங்கள்.

கல்லறையில் இருந்தவனைத் தேடிக் கடல் கடந்து வந்த ஆண்டவரே, எங்கள் வீடுகளையும் ஆலயத்தையும் நொந்தவர்கள் அஞ்சாமல் நுழையும் இடங்களாக்கும். ஆமென்.