பாணும் மிளகாயும்: புத்தளக் கரையின் உணவுச் சொற்கள்

ஒரு பண்டத்தின் பெயர் தமிழாயிருப்பின் அப்பண்டமும் தொன்றுதொட்டு நமக்குரியதென்றும், பெயர் பிறமொழியாயிருப்பின் அது இடையில் வந்து புகுந்ததென்றும் கொள்ளும் வழக்கம் கற்றோரிடையேயும் உண்டு. மொழி பயில்வோர் இக்கருத்தை அகராதியுடன் சேர்த்தே பெற்றுக்கொள்கின்றனர். இலங்கையின் வடமேற்கே, கற்பிட்டி முதல் சிலாபத்திற்குத் தெற்குவரை நீளும் புத்தள மாவட்டக் கரையின் அடுக்களையோ இக்கருத்தைப் பொய்ப்பித்து நிற்கின்றது.

1344ஆம் ஆண்டில் இக்கரையில் இறங்கிய இபின் பதூதா, ஆரியச்சக்கரவர்த்தியைப் பத்தாலா என்னும் ஊரிலே கண்டதாக எழுதியுள்ளார். அவ்வூர் புத்தளமே என்பது அறிஞர் பலரின் துணிபு. கரையிற் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்தமையையும், அவற்றை எடுத்துச் சென்ற தென்னிந்திய வணிகர் மன்னனுக்குத் துணிமணிகளைக் கையுறையாக அளித்தமையையும் அவர் குறிப்பிடுகின்றார். அம்மன்னன் பாரசீகமும் அறிந்திருந்தானாம். இத்துணைச் செல்வம் மிக்க அவ்வரசனின் உணவிலும் மிளகாய் இருந்திருக்க முடியாது. அக்காலக் காரமெல்லாம் மிளகின் காரமே.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1505இல் இலங்கையை அடைந்த போர்த்துக்கேயரின் கடல்வழித் தொடர்பாலேயே அது இப்பகுதிகளுக்குப் பரவிற்று. நம்மவர் அதற்கு வேற்றுமொழிப் பெயரைக் கடன் வாங்காது, மிளகைப் போற் காரமுடைய காய் என்று பழைய சொல்லையே நீட்டிக்கொண்டனர். அதே போர்த்துக்கேயர் வழி வந்த பாண், தன் பெயரையும் உடன் கொண்டு வந்தது. அன்னாசி, கொய்யா, வினாகிரி, பிஸ்கோத்து ஆகியனவும் அவ்வாறே. அடுக்களையைக் குறிக்கும் குசினி என்ற சொல்லும் அவர்கள் தந்ததே. பெயரை மட்டும் நோக்குவோன் மிளகாயைத் தமிழ்ப் பண்டமென்றும் பாணை அந்நியமென்றும் தீர்ப்பளிப்பான். இரண்டும் ஒரே கடல்வழியில் வந்தவை என்பதை அவன் அறியான். தமிழகத்துக்குப் புதியதான பாண் என்ற சொல் ஈழத்தமிழில் நாள்தோறும் வழங்குவதும் இங்கு நோக்கற்பாலது.

ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கற்பிட்டிக் கோட்டை, கண்டி இராச்சியத்தின் கடல்வாணிகத்தையும் உப்பு வரவையும் நெருக்கும் பொருட்டு எழுந்தது. உப்பின்றிக் கருவாடில்லை, கருவாடின்றி உள்நாட்டுச் சோற்றுக்குச் சுவையில்லை. ஆதலின் அது ஓர் அடுக்களைப் போருங்கூட எனலாம். அவர்கள் மொழியிலிருந்து போஞ்சி வந்தது. அவர்கள் ஆட்சியில் இத்தீவுக்கு வந்த மலாயரோடு தொடர்புடையன சம்பலும் தொதலும் வட்டலப்பமும். வட்டலப்பத்தை வட்டில் அப்பம் எனப் பிரித்துத் தமிழாக்கிக் காட்டுவாரும் உளர். பிரிப்பு அழகியதுதான், ஆயினும் பண்டத்தின் வரலாறு அத்தோடு முடிந்துவிடாது.

கொடுக்கல் ஒருபுறமாக மட்டும் நிகழவில்லை. இடியப்பம் சிங்களத்தில் இந்திஆப்ப என வழங்குகின்றது. கீரிமீன் அங்கே கீரமின். சிலாபத்துக்குத் தெற்கேயுள்ள கத்தோலிக்க மீனவ ஊர்கள் பல, திருச்சபையும் பாடசாலையும் மேற்கொண்ட மொழிமாற்றத்தால் இருபதாம் நூற்றாண்டிற் சிங்களத்துக்கு மாறின. வீட்டுமொழி போயிற்று, மீனின் பெயர் போகவில்லை. வடக்கே சிரம்பையடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களிடத்தோ இதற்கு மாறான நிலை: அன்றாடப் பேச்சு சிங்களமாயிருக்க, போர்த்துக்கேயக் கிரியோல் அவர்தம் மஞ்சாப் பாடல்களிலே எஞ்சி நிற்கின்றது.

இன்று இக்கரையின் காலையுணவிற் பாணும் ரொட்டியும் பெற்றுள்ள இடம் பெரிது. கோதுமையோ இத்தீவில் விளைவதன்று. 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியிற் பாணின் விலை பன்மடங்கு ஏறியபோது, நானூறு ஆண்டுப் பழக்கமான அச்சொல்லின் பின்னால் இறக்குமதிக் கப்பலொன்று எப்போதும் நின்றமை ஏழையின் பசிக்குப் புலனாயிற்று.

இக்கரைக்கு இறுதியாக வந்த பெரும் வரவு கப்பலில் வந்ததன்று. 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பாலோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தங்கினர். மன்னாரினதும் யாழ்ப்பாணத்தினதும் கைப்பக்குவம் அவர்களோடு வந்தது. வந்தோரும் இருந்தோரும் பேசியது தமிழே. ஒரே சகனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கமும் இருசாராருக்கும் பொதுவே. அவ்வாறிருந்தும் அகதி என்ற சொல் வந்தோர் மீது பல்லாண்டுகள் ஒட்டியிருந்தது. புத்தளத்திலேயே பிறந்த அவர்தம் பிள்ளைகளும் அப்பெயரைக் கேட்டே வளர்ந்தனர்.