நிற்காமல் போன வண்டி

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நான்கு வழிச் சாலை அருப்புக்கோட்டையையும் பந்தல்குடியையும் ஒட்டிச் செல்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் கிடை போடும் கீதாரிகள் ஆடுகளோடு அதைக் குறுக்கே கடந்துதான் ஆகவேண்டும். அங்கே இரவில் ஒருவர் அடிபட்டு, வண்டியும் நிற்காமல் போய்விட்டால், விடியும்வரை அவர் கிடப்பதை யாரும் அறியார். அந்த ஓட்டத்திற்கு நாட்டின் நீதி என்ன விலை வைத்தது?

சோழர் காலத்தில், வேட்டையில் குறி தவறி ஆளைக் கொன்றவனிடம் உயிருக்கு உயிர் கேளாது, கோயிலில் நந்தா விளக்கு எரிக்குமாறு ஊரார் கூடித் தீர்ப்பளித்த செய்திகளைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் விடுவது வழக்கம். ‘சாவா மூவாப் பேராடு’ என்பது அவற்றின் பெயர். இறந்தவனின் பிள்ளைகளுக்கு அவ்விளக்கால் என்ன கிடைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது. ஆயினும் கொன்றவன் ஊரறிய நின்றான்; ஓடவில்லை.

ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தில் கவனக்குறைவால் நேரும் சாவுக்குத் தனிப்பிரிவே இல்லை. 1870இல்தான் 304அ பிரிவைச் சேர்த்தனர். அதிகத் தண்டனை இரண்டாண்டுச் சிறை. மோட்டார் வண்டி பிறவாத காலத்தில் எழுதிய அந்த இரண்டாண்டு, லாரிகளும் பேருந்துகளும் சாலையை நிறைத்த பின்னும் மாறாது, 154 ஆண்டுகள் நீடித்தது.

நிற்காமல் ஓடியதற்கோ இன்னும் மலிவான விலை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, காயமுற்றவருக்கு ஓட்டுநர் மருத்துவ உதவி கிடைக்கச் செய்யவேண்டும் என்றது. தவறினால் 2019 வரை முதல்முறை மூன்று மாதச் சிறை, அல்லது 500 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்றிருந்தது. இதில் ஒரு கொடிய கணக்கு ஒளிந்திருக்கிறது. மும்பையில் 2006இல் நடைபாதையில் உறங்கிய ஏழு தொழிலாளர்கள் கார் ஏறி மாண்ட வழக்கில், குடிபோதையில் ஓட்டியவருக்கு விசாரணை நீதிமன்றம் ஆறு மாதமே விதித்தது. உயர்நீதிமன்றம் அதைக் கொலையாகாத மரணம் விளைத்த குற்றமாகக் கொண்டு மூன்றாண்டாக்கியது. 2012இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. போதை மெய்ப்பிக்கப்பட்டால் குற்றமே பெரிதாகிவிடும். போதை தெளியும்வரை ஓடி ஒளிந்தவனுக்கோ ஓட்டம் இலாபம்.

லாரி ஓட்டுநர் ஒருவருக்கு 1979இல் இரண்டாண்டை உறுதி செய்த நீதியரசர் கிருஷ்ணய்யர், மாண்டவர் குடும்பத்தையும் சிறை செல்பவரை நம்பியிருப்போரையும் சட்டம் பாராமலிருப்பதை எண்ணி வருந்தினார். அடையாளம் தெரியாத வண்டியால் நேர்ந்த சாவுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டம் தந்த தொகை 8,500 ரூபாய். 1994இல் 25,000 ஆகி, 28 ஆண்டுகள் அங்கேயே நின்று, 2022இல்தான் இரண்டு இலட்சமாயிற்று.

2023இல் நிறைவேறிய பாரதிய நியாய சன்ஹிதா, இரண்டாண்டை ஐந்தாக உயர்த்தியது. தகவல் தராமல் தப்பியோடினால் பத்தாண்டு என்றது. 2024 சனவரியில் வடமாநில லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு சூலை முதல் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்பது ஓட்டுநர்கள் வாதம். அதை வெறும் சாக்கென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கூட்டத்தின் சினத்தை 1988ஆம் ஆண்டுச் சட்டமே விலக்காக ஏற்றிருக்கிறது. ஆனால் புதிய பிரிவு கேட்டது, அப்பால் சென்றாயினும் காவலருக்கோ நடுவருக்கோ விரைவில் சொல்லவேண்டும் என்பதே. மேலும், பந்தல்குடிக்கு அப்பால் இரவு இரண்டு மணிக்குக் கூட்டம் ஏது?