சாமி படத்தை இறக்கும் முன்...

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும், பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போதும் முதலில் சுவரை விட்டு இறங்குபவை தாத்தா காலத்துச் சாமி படங்கள்தான். கண்ணாடி உடைந்த படம் வீட்டுக்கு ஆகாது என்று கோயில் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். மிச்சத்தை மழையும் கரையானும் பார்த்துக்கொள்கின்றன. அவற்றுள் சில, நூறு வயது கடந்த கல் அச்சுப் படங்களாக இருக்கக்கூடும்.

லித்தோ எனப்படும் கல் அச்சை 1790-களின் இறுதியில் ஜெர்மனியின் பவேரியாவில் கண்டுபிடித்தவர் அலாய்ஸ் செனஃபெல்டர். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதே சூட்சுமம். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து கல்லை நனைத்தால், அச்சு மை வரைந்த இடத்தில் மட்டும் பிடிக்கும். வண்ணப் படத்துக்கு நிறத்துக்கு ஒரு கல் வேண்டும். கல் சற்று விலகினாலும் உதட்டுச் சிவப்பு தாடைக்கு இறங்கிவிடும்! அச்சான பின் வார்னிஷ் பூசி எண்ணெய் ஓவியம் போலத் தோன்றச் செய்வதே ஓலியோகிராஃப்.

திவான் மாதவராவ், ராஜா ரவிவர்மாவிடம் ஓவியங்களை அச்சிட்டுப் பரப்பும்படி 1884-லேயே சொன்னார். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். இயந்திரமும் வல்லுநர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். பிளேக் நோய் பரவிய காலத்தில் அச்சகம் லோனாவாலா அருகே மளவ்லிக்கு மாறியது. கடன் பெருகவே, சில ஆண்டுகளில் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கு விற்கப்பட்டது. 1972-ல் தீ விபத்தில் அழிந்தது. கணக்கில் பார்த்தால் ரவிவர்மாவுக்கு இது நஷ்டத் தொழில். ஆனால் அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் நாடெங்கும் வீடுகளுக்குள் வந்துவிட்டார்கள்.

இதன் அருமையை மதுரைக்காரர்கள் எளிதில் உணரலாம். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலை 8-ல். கோயில் வாசலோடு நிறுத்தப்பட்டவர்களும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு படத்தைச் சுவரில் மாட்டி விளக்கேற்ற முடிந்தது. அதற்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை.

நம் தென் மாவட்டங்களில் இந்த மரபைத் தொடர்ந்தவர் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகத் திரைச்சீலை எழுதியவர். அவரும் சீடர்களும் வரைந்த தெய்வங்களே சிவகாசி காலண்டர்களில் வீடு வீடாக வந்தன.

உங்கள் வீட்டுப் படம் எந்த வகை? பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒரே ஒழுங்கில் வட்டவட்டமாகப் புள்ளிகள் தெரிந்தால் பிற்கால ஆஃப்செட். கையால் வைத்தது போல ஒழுங்கற்ற புள்ளிகள் இருந்தால் கல் அச்சாக இருக்கலாம். கீழ் விளிம்பில் 'ரவிவர்மா பிரஸ், கார்லா' என்றோ, 'அனந்த் சிவாஜி தேசாய், மோதி பஜார்' என்றோ ஆங்கிலத்தில் இருக்கிறதா பாருங்கள். சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று அந்த விளிம்பை வெட்டிவிடாதீர்கள். செட்டிநாட்டுப் படங்களில் உள்ளது போல சரிகைத் துணியும் ஜிகினாவும் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். அது அந்த வீட்டுப் பெண்களின் கைவேலை.

ஈரத்துணியால் துடைக்காதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள், வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். யார் வாங்கியது, எந்த ஊர் வீட்டில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிப் படத்துடன் வையுங்கள். விற்பதோ வைத்துக்கொள்வதோ உங்கள் விருப்பம். அந்த விவரம் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவது நல்லது.