இசபெல்லா: வாதநூல் ஈன்ற பிரிவுப்பாட்டு

ஜொகூர் மாநிலத்தின் வடபால் சிகாமட். தென்முனையில் ஜொகூர் பாரு. அத்தென்முனை நகரில் 1981இல் தோன்றிய 'சர்ச்' என்னும் ராக் இசைக்குழு 1989இல் 'ஃபெனோமெனா' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதிலுள்ள 'இசபெல்லா' என்ற மலாய்ப் பாட்டு நாடெங்கும் பரவியதோடு இந்தோனேசியாவிலும் பெரும்புகழ் எய்தியது. சிகாமட் வட்டாரத் தமிழிளைஞர் நாவிலும் அது ஏறிற்று. அப்பெண் யார், எந்நாட்டாள் என்னும் வினா இலக்கியம் கற்போர் கேட்கத் தக்கது.

பாடலாசிரியர் பாப் லோக்மான் தம் பாட்டின் கருவை ஒரு நாவலிலிருந்து பெற்றார். தில்லியைச் சேர்ந்த மௌலானா முகம்மது சயீத் உருதுவில் எழுதி, பின்னர் மலாயில் பெயர்க்கப்பெற்ற நூல் அது. முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினின் கொர்டோபா நகரமே கதைக்களம். அந்நகரத் தலைமைப் பாதிரியாரின் மகள் இசபெல்லா. முஸ்லிம் இளைஞர் இருவரின் சமயப் பேச்சு அவள் செவியில் விழுகிறது, ஐயம் பிறக்கிறது, வாதம் வளர்கிறது, முடிவில் அவள் இஸ்லாத்தைத் தழுவுகிறாள். ஏடு புரட்டினால் காதலினும் வாதமே மிகுதி.

உருதுவில் இத்துறைக்கு முன்னோடி உண்டு. வால்டர் ஸ்காட்டின் 'டாலிஸ்மன்' (1825) சிலுவைப் போரைத் தீட்டிய முறை பிடிக்காமல், லக்னோவின் அப்துல் ஹலீம் ஷரர் 1888இல் 'மலிக்குல் அஜீஸ் வர்ஜினா' எழுதினார். ஸ்பெயின் முஸ்லிம்களைப் பற்றியும் அவர் கதை புனைந்தார். அவ்வழியில் வந்தவளே இசபெல்லா.

தமிழ் கற்றார்க்கு இது புதுமையன்று. நம் நீலகேசி செய்வதும் இதுவே. பழையனூர்ப் பேயாயிருந்தவள் முனிவர் ஒருவரால் சமணம் சார்ந்து, குண்டலகேசி முதலிய பௌத்தரோடு வாதிட்டு வெல்கிறாள். பெண்ணை நடுவே நிறுத்திச் சமயம் பேசும் நூல்வகை இருமொழிக்கும் பொது.

ஆனால் பாட்டோ வாதம் முழுவதையும் உதறிவிட்டது. பாதிரியார் இல்லை, கொர்டோபா இல்லை, சமயத்தின் பெயர்கூட இல்லை. பனி, உதிரும் சருகு, பகலை விழுங்கும் இரவு, மாறும் பருவம் இவையே எஞ்சின. பனி ஜொகூரில் ஏது? எனினும் சருகும் பிரிவும் கூடியவிடத்துப் பாலையின் சாயல் தெரிகிறது. அகத்திணையில் ஒருவர் பெயர் சுட்டலாகாது என்பார் தொல்காப்பியர். இப்பாட்டோ பெயரையே திரும்பத் திரும்ப விளிக்கிறது. ஆயினும் ஊரும் குலமும் களைந்தபின், அப்பெயர் 'தலைவி' என்பதுபோல் பொதுச்சொல்லாகவே நிற்கிறது.

1992இல் அரசுத் தொலைக்காட்சி நீள்முடி ராக் பாடகர்க்குத் தடை விதித்தது. இக்குழுவின் பாடகர் ஏமியும் முடி வெட்டிக்கொண்டார். முடிக்குக் கிடைத்த கவனத்தில் பாதியேனும் சொல்லுக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

சொல்லில் நுட்பம் உண்டு. பிரிவுக்குக் காரணமாகப் பாட்டு கூறுவது 'அடாட்', அஃதாவது வழக்கம். நாவலில் மதில் சமயம்; பாட்டில் அது வழக்கமாயிற்று. சமயத்துக்கு நூற்சான்று காட்டி வாதிடலாம். வழக்கத்தோடு எப்படி வாதிடுவது? ஆகவேதான் வாதம் நின்று அழுகை பிறந்தது எனலாம். இறுதியில் தலைவன், அவள் உள்ளக் கதவு தனக்குத் திறக்க வேண்டுமென இறைஞ்சுகிறான். நாவலின் சுவடு இவ்வொரு வேண்டுதலில் மட்டும் எஞ்சியுள்ளது. நாவலில் கதவு திறந்தது. பாட்டு அதைச் சொல்லவில்லை.