பந்தியும் மேடையும்

மாதர் சங்க வரலாறு எழுதுவோர், 1917இல் சென்னை அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தையும், 1927இல் பூனாவில் முதன்முதலாகக் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டையும் கூறியே தொடங்குவர். பெண்கல்விக்கும் வாக்குரிமைக்கும் அவை ஆற்றிய தொண்டு பெரிது. நாம் அதனை மறுக்கவில்லை. ஆயினும், அச்சபைகளில் நம் சமூகப் பெண்கள் எங்கே அமர்த்தப்பட்டனர் என்று நாம் கேட்டாக வேண்டும்.

நாகபுரியில் ஜாயிபாய் சௌத்ரி என்னும் அம்மையார் வாழ்ந்தார். மகார் சமூகத்தில் பிறந்த அவர், வறுமையினால் இரயில் நிலையத்தில் மூட்டை சுமந்து பிழைத்தவர். அவர் எழுத்தறிந்தவர் என்பதைக் கண்ட கிறித்தவ ஊழியப் பெண்மணி ஒருவர், தம் பள்ளியில் அவரை ஆசிரியை ஆக்கினார். சாதி வெளிப்பட்டதும் பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மறுத்தனர், வேலை போயிற்று. அம்மையார் சோர்ந்துவிடவில்லை. 1922இல் அடியார் சோகாமேளரின் பெயரால் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தாமே நிறுவினார். கல்விச் சங்கம் நடத்தும் நமக்கு அதன் அருமை விளங்கும்.

அத்தகைய அம்மையாரைத்தான், 1937ஆம் ஆண்டிறுதியில் நாகபுரியில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டில், உணவு வேளையில் ஒதுக்கி அமர்த்தினர். மேடையில் சமத்துவம், பந்தியில் தீண்டாமை! 1938 ஜனவரி முதல் நாளன்று நம் பெண்கள் தனியே கூடி இதனைக் கண்டித்தனர்.

அதே நாகபுரியில், 1942 ஜூலை 20 அன்று, அண்ணல் அம்பேத்கர் முன்னிலையில் தாழ்த்தப்பட்ட பெண்களின் அகில இந்திய மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் சுலோசனாபாய் டோங்ரே. மணவிலக்கு உரிமை, பலதார மணத் தடை, சட்டசபைகளில் இடம், மாணவியர்க்கு அரசாங்க விடுதி ஆகியன கோரப்பட்டன. ஆலைகளில் பெண் தொழிலாளரை மேற்பார்க்கப் பெண்களையே அமர்த்த வேண்டும் என்றும் கேட்டனர். மேற்பார்வையாளனின் சொல்லுக்கு அஞ்சி நாள்தோறும் ஆலைக்குள் நுழைந்தவர்கள் உள்ள சபையிலன்றி இக்கோரிக்கை எழுந்திராது என்பது நம் கருத்து.

நம் சென்னை இதில் பின்தங்கவில்லை. 1944இல் இங்கு நடந்த தாழ்த்தப்பட்டோர் சம்மேளனப் பெண்கள் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் அன்னை மீனாம்பாள் சிவராஜ். மறு ஆண்டு மே மாதத்தில் பம்பாயில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டிற்கும் அவரே தலைவர்.