ரா.வன்

ரா.வன் 2011 ஒக்ரோபர் 26ஆம் நாள், தீபாவளிக்கு வெளிவந்த இந்தித் திரைப்படம். வீடியோ கேம் ஒன்றின் வில்லன், தன்னோடு விளையாடிவிட்டுப் பாதியில் எழுந்துபோன சிறுவனைத் தேடி விளையாட்டை விட்டு வெளியே வந்துவிடுவதுதான் கதை. அனுபவ் சின்கா இயக்கிய இப்படத்தை சாருக் கானின் ரெட் சில்லீஸ் நிறுவனம் தயாரித்தது. தமிழிலும் தெலுங்கிலும் குரல் மாற்றி வெளியிட்டார்கள். இரு காரணங்களால் தமிழ் வாசகர், அதிலும் யாழ்ப்பாணத்து வாசகர், இதைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது: இதன் நாயகன் ஒரு தமிழன், வில்லன் இராவணன்.

கதை

லண்டனில் கணினி விளையாட்டு வடிவமைப்பவர் சேகர் சுப்பிரமணியம் (சாருக் கான்). அவருடைய மகன் பிரதீக்குக்கு (அர்மான் வர்மா) அப்பாவின் அசட்டுத்தனம் கூச்சம் தருகிறது. நல்லவர்கள் எல்லாரும் சலிப்பூட்டுகிறவர்கள், வில்லன்களே கெட்டிக்காரர்கள் என்பது பையனின் கட்சி. விளையாடும்போது அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயரே லூசிபர். யாராலும் வெல்ல முடியாத ஒரு வில்லனைச் செய்து தரும்படி கேட்கிறான். தகப்பன் மனம் வைத்துச் செய்து கொடுக்கிறார். ஆபத்தைக் கேட்டு வாங்கியவன் பிள்ளைதான் என்ற இந்த முடிச்சு, படத்தின் ஆரவாரங்களுக்கு நடுவே கவனிக்கப்படாமலே போய்விட்டது.

படம் தொடங்குவதே பிரதீக்கின் பகற்கனவில். கேம் உலகம் ஒன்றில் லூசிபராகத் திரியும் சாருக் கான், சஞ்சய் தத்தின் பிடியிலிருந்து பிரியங்கா சோப்ராவை மீட்கிறார். பிறகு உண்மையான விளையாட்டு அறிமுகமாகிறது. லூசிபர் இரண்டாம் கட்டத்தை எட்டியதும் ரா.வன் விழித்துக்கொள்கிறான். தொடங்கிய ஆட்டம் முடிந்தாக வேண்டும் என்பது அவனுக்குப் போடப்பட்ட விதி. இலக்க உலகப் பொருள்களைக் கதிர்களின் வழியே நிஜ உலகுக்குக் கொண்டுவரும் தொழில்நுட்பத்தைப் பற்றிக்கொண்டு வெளியே வருகிறான். முதலில் சேகரின் நண்பர் அகாசியைக் கொன்று அவருடைய உருவத்தை எடுக்கிறான், பின்னர் சேகரையும் கொல்கிறான். எஞ்சியிருப்பது விளையாட்டின் நாயகன் ஜீ.வன். தகப்பன் தன் முகத்தையே அவனுக்கு வைத்திருந்தார். செத்துப்போன அப்பாவின் முகத்தோடு, அப்பாவின் நினைவு எதுவும் இல்லாத ஒருவன் வீட்டுக்குள் வந்து நிற்கிறான். தாய் சோனியாவும் (கரீனா கபூர்) பிள்ளையும் அவனோடு மும்பைக்குப் போக, விளம்பரப் பலகையில் இருந்த ஒருவனின் உருவத்தை எடுத்துக்கொண்டு (அர்ஜுன் ராம்பால்) ரா.வனும் பின்தொடர்கிறான்.

இறுதிச் சண்டையில் ரா.வன் பத்துப் பேராகப் பிரிகிறான். பத்தில் எது மெய் என்பதைப் பையன் நிழலை வைத்துக் கண்டுபிடிக்கிறான். பத்துத் தலையைப் பத்து உடலாக்கிய இந்த இடம், திரைக்கதையில் மெய்யாகவே யோசித்து எழுதப்பட்ட ஒன்று.

உருவாக்கம்

காட்சி விளைவுகளுக்குப் பொறுப்பாக இருந்தவர்களுள் ஒருவர் ஜெப் கிளைசர். கணினிக்குள் மனிதன் அகப்படும் கதையை முதன்முதலில் பெரிய அளவில் சொன்ன டிஸ்னியின் ‘ட்ரோன்’ (1982) படத்துக்கு வேலை செய்த நிறுவனங்களுள் ஒன்று அவருடையது. கட்டுப்பாடிழந்த மின்சார ரயில் மும்பையின் சத்ரபதி சிவாஜி நிலையத்தை இடித்துக்கொண்டு நுழையும் காட்சி அதிகம் பேசப்பட்டது. 59ஆவது தேசிய விருதுகளில் சிறந்த சிறப்பு விளைவுகளுக்கான விருது இப்படத்துக்குக் கிடைத்தது. இசை விசால்–சேகர். அமெரிக்கப் பாடகர் ஏகான் பாடிய ‘சம்மக் சல்லோ’ படத்தைவிட நீண்ட நாள் வாழ்ந்தது.

விமான நிலையக் காட்சி ஒன்றில் ரஜினிகாந்த் ‘எந்திரன்’ படத்தின் சிட்டியாகவே வந்து போகிறார். தமிழகச் சந்தையை நோக்கி வீசிய தூண்டில் அது. ஆனால் அதே தீபாவளிக்குத்தான் ‘7ஆம் அறிவு’, ‘வேலாயுதம்’ என்ற தமிழ்ப் படங்கள் இரண்டும் போட்டிக்கு வந்தன.

விளையாட்டுக்குள் பிள்ளைகள்

ராபர்ட் ரொட்ரிகெஸ் இயக்கிய ‘ஸ்பை கிட்ஸ் 3’ (2003) பிள்ளைகள் விளையாட்டுக்குள் போகும் வகைக் குடும்பப் படங்களில் பலருக்கும் தெரிந்தது. கேம் ஒன்றின் நாலாம் கட்டத்தில் சிறைப்பட்ட அக்காவை மீட்க, தம்பி அதற்குள் போகிறான். சிவப்பும் நீலமுமான கடதாசிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டிய படம். ‘ஜுமாஞ்சி’யின் 2017ஆம் ஆண்டுப் படத்திலும் பிள்ளைகள்தான் உள்ளே போகிறார்கள். ரா.வன் இதைத் தலைகீழாக்கி, விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. கண்ணாடி மாட்டிப் பார்க்கும் சிறுவர் படங்களுக்கு நம் பக்கத்தில் மூத்தது 1984இல் ஜிஜோ புன்னூஸ் மலையாளத்தில் எடுத்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் அது. அங்கே பிள்ளைகளுக்குத் தோழனாக வருவது கேம் பாத்திரம் அல்ல, மந்திரவாதியிடம் அடிமைப்பட்ட குட்டிச்சாத்தான்.

இந்த வகைப் படங்கள் வளர்ந்த காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பிள்ளைகளின் நிலை வேறு. போரால் 1990இல் மின்சாரம் நின்றது, ஆண்டுக்கணக்கில் வரவில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். உலகின் மற்றப் பிள்ளைகள் கைக்கடக்கமான கேம் பெட்டிகளில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த அந்தப் பத்தாண்டில், ஒரு சோடி பற்றரி கிடைத்தால் அது செய்தி கேட்கத்தான் போகும். ரா.வனின் பிரதீக் வயதுப் பையன்களுக்கு வீடியோ கேம் தெரியும். அவர்களின் தகப்பன்மாரில் பலருக்குச் சிறுவயதில் அது கண்ணிலும் பட்டதில்லை.

சேகரின் தயிர்

சேகர் நூடில்ஸில் தயிர் விட்டுப் பிசைந்து கையால் உண்கிறார், எதற்கெடுத்தாலும் ‘ஐயோ’ என்கிறார். தமிழர்களைக் கேலிப்பொருளாக்கும் பழைய இந்திப்பட வழக்கம் இது என்ற கண்டனம் படம் வந்தவுடனேயே எழுந்தது. தமிழ்ப் பதிப்பில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: எல்லாருமே தமிழ் பேசும்போது சேகரின் தமிழ்த்தன்மை கரைந்துவிடுகிறது. மிஞ்சுவது தயிர் மட்டும்.

பெயரும் இராவணனும்

கணினிப் பாணியில் விரித்தால் ‘ரா.வன்’ என்பதற்கு ‘எழுமாற்று அணுகல், பதிப்பு ஒன்று’ என்று பொருள் வரும். சேர்த்துச் சொன்னால் இராவணன். எதிராளி ஜீ.வன் ‘நல்லவன் ஒருவன்’, கூடவே சீவன். தசரா நாளில் மும்பைக்கு வரும் வில்லன், எரியும் இராவணப் பொம்மையின் முன் நடந்துகொண்டே, அவன் சாகாததால்தான் ஆண்டுதோறும் எரிக்கிறீர்கள் என்ற கருத்தைச் சொல்கிறான். படத்தின் மிகக் கூர்மையான வசனம் வில்லனுக்கே கிடைத்திருக்கிறது.

தெற்கே இந்தப் பெயருக்கு ஒரே பொருள் இல்லை. புலவர் குழந்தை 1946இல் ‘இராவண காவியம்’ எழுதி அவனை நாயகனாக்கினார். அந்நூல் 1948இல் தடைசெய்யப்பட்டு 1971இல்தான் விடுவிக்கப்பட்டது. சென்னைப் பெரியார் திடலில் 1974 டிசம்பரில், வடக்கின் இராம லீலாவுக்கு எதிர்ப்பாக, ‘இராவண லீலா’ நடந்தது. சிங்களவரிடையிலும் அவனுக்கு உரிமை கோருவோர் உண்டு. 2019இல் விண்ணுக்குப் போன இலங்கையின் சிறு செய்மதிக்கு ‘இராவணா-1’ என்று பெயர்.

ஈழத்துச் சைவருக்கு அவன் இவை எல்லாவற்றுக்கும் முன்பே அறிமுகமானவன். சம்பந்தர் பதிகங்களின் எட்டாம் பாடலில் பெரும்பாலும் அவன் வருவான். தேவாரம் படித்த பிள்ளைக்கு எத்தனையாவது பாட்டு என்று எண்ணத் தேவையில்லை. கயிலையைப் பெயர்க்கப் போய், சிவனின் கால்விரலுக்குக் கீழே நசுங்கி, தன் நரம்பையே வீணையாக்கிப் பாடி வரம் பெற்றவன். திருக்கோணமலையில் ஒரு பாறைப் பிளவுக்கே ‘இராவணன் வெட்டு’ என்று பெயர். யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தன் மகோற்சவத்தின் 25 நாட்களுள் ஒரு மாலை கைலாச வாகனத்துக்கு உரியது. மேலே கயிலை, அதன்மீது முருகன், அடியில் பத்துத் தலைகளோடு மலையைத் தாங்கியபடி இராவணன். தகப்பனின் தோளில் இருக்கும் பிள்ளைக்கு முதலில் தெரிவது அந்தத் தலைகள்தான். வீதிவலம் முடிந்ததும் அவனைக் கொளுத்துவதில்லை. அடுத்த வருடத் திருவிழாவுக்கு வேண்டும் என்பதால் வாகனசாலைக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள்.